ஒத்துவராத ஒரு வெடிப்பு

அன்புள்ள மகள் விஷ்ணுப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. பண்டமாரானில் நானும் அப்பாவும், அவருடைய முழங்காலைத் தவிர, சுகம். பின்லாந்துக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை நீ சொன்னால்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரல் படம் போட்டு என் வாயை அடைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம்.

கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருக்கும்போது எட்டு மாதம் தள்ளிவைக்கச் சொல்கிறாயே, உனக்கே நன்றாக இருக்கிறதா? மண்டபம் பேசியாயிற்று, பாதி ஊருக்குப் பத்திரிகை கொடுத்தாயிற்று. கேட்டால், சூரியனில் நடந்த பதினொரு வெடிப்பில் பத்து உன் ஆராய்ச்சிக் கணக்குக்கு ஒத்துவந்ததாம், ஒன்று வரவில்லையாம். வெடிப்பில் கிளம்பும் மின்துகள்கள் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டே போகும் என்று நினைத்தாயாம். சூரியக் காற்று கொந்தளித்து அந்தக் கோடுகளையே அலைக்கழித்ததில் துகள்கள் பக்கவாட்டில் சிதறி, நீ எதிர்பாராத பக்கம் நின்ற விண்கலத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய் விழுந்தனவாம். கணக்கை முதலிலிருந்து திருத்திப் போட எட்டு மாதம் வேண்டுமாம். நீ போனில் சொன்னதை அப்பாவுக்கு மூன்று தடவை விளக்கினேன். "அதுக்கு மாப்ள வீட்டுக்காரங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டுவிட்டு டிவியைப் போட்டுவிட்டார். அந்த ஒன்றை விட்டுவிடலாம் என்று உன் பேராசிரியரே சொன்ன பிறகும் என்ன பிடிவாதம் என்று எனக்கு ஆத்திரம் வந்தது, இன்னும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் போய் சம்பந்தி உஷாராணியிடம் சொன்னேன். "ஒண்ணுதானே லா, விட்டுட்டு வரச் சொல்லுங்க, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். நானும் வீட்டில் அதையே சொல்லி உன்னைத் திட்டியவள்தான், ஆனால் அவர் வாயிலிருந்து கேட்டதும் பொறுக்கவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று சோதித்தவள் நான். ஒழுகியதை ஒதுக்கிவிட்டு எல்லாம் சரி என்று எழுதச் சொன்ன சூப்பர்வைசரிடமே முடியாது என்றவள். "இந்தக் கணக்க நம்பி நாளைக்கு ஒருத்தர் விண்வெளியில வேலைக்கு எறங்குவாரு, அந்த ஒண்ணு அவரு மேலதான் வந்து விழும்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். சம்பந்தி வாசல்வரைகூட வரவில்லை. மாப்பிள்ளை முகுந்தன் கார்வரை வந்தான், "நான் யோசிக்கணும் ஆன்டி" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

எட்டு மாதம் என்றால் எட்டு மாதம், ஒன்பது ஆக்காதே. முகுந்தனுக்கு இன்றே போன் செய், அவனிடம் பேச வேண்டியவள் நீ, நான் இல்லை. முனீஸ்வரன் உன் பக்கம் நிற்கட்டும், நீ நினைத்தபடி முடித்து நல்லபடியாக வந்து சேர். நாளையிலிருந்து பத்திரிகை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் மறுபடியும் படியேறப்போகிறோம். ஏன் தள்ளிவைத்தீர்கள் என்று கேட்பவர்களிடம், என் மகள் கணக்கில் ஒரு தப்பு, அதை அவளே கண்டுபிடித்தாள் என்று சொல்வேன்.

கோபம் தீராத உன் அம்மா,
மாரியாயி