பன்னிரண்டு வால்வும் எஸ்தர் அண்ணியும்

செப்டம்பர் 4, வியாழன்

காலையிலேயே புழுக்கம். மழை இதோ வரும் அதோ வரும்னு வானம் போக்கு காட்டிக்கொண்டே இருந்தது. வரவில்லை. கல்லூரி லேபில் ரெண்டாம் வருஷத்துக்கு டைட்ரேஷன், பியூரெட் ரெண்டு உடைந்தது.

சாயங்காலம், படப்பை ஷெட்டில் வருஷக்கணக்காக ஓடாமல் நிற்கிற எங்கள் வீட்டுப் பழைய பெட்ரோல் லாரியின் சிலிண்டர் ஹெட் (எஞ்சினின் மேல்மூடி) வந்து சேர்ந்தது, குரோம்பேட்டையிலிருந்து, குட்டியானையில். ரெண்டு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கி போர்ட்டிகோ மேஜையில் வைத்தார்கள். மேஜை ஒரு தரம் முனகியது.

மிச்ச எஞ்சின் மெக்கானிக் காசிம் பாயின் குரோம்பேட்டை பட்டறையில். (இனி கா.பா. அவர் பேரை எழுதி எழுதியே பேனா தீருது.) ஆறு சிலிண்டரும் போரிங் முடிஞ்சு, பிஸ்டன் புதுசு. ஹெட்டில் இருக்கிற பன்னிரண்டு வால்வையும் தேய்க்கிற வேலை மட்டும் எனக்கு.

"இது அவசரக்காரங்க வேல இல்லமா. நீங்கதான் ஒரு பீக்கர அரமணி நேரம் பாத்துகினே நிப்பீங்களே," என்றார் கா.பா. லேப் ஜெனரேட்டர் ரிப்பேருக்கு வந்தபோது பார்த்திருக்கிறார். பாராட்டா கிண்டலா தெரியவில்லை.

வேலை இவ்வளவுதான். ஒரு சிலிண்டருக்கு ரெண்டு வால்வு, ஒன்று பெருசு, ஒன்று சின்னது. ஒவ்வொரு வால்வுக்கும் ஹெட்டில் ஒரு குழி. விளிம்பில் சொரசொரப்பான கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ரப்பர் வைத்த குச்சியால் வால்வைப் பிடித்து, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவே மத்து மாதிரி உருட்டணும். தேய்ந்து தேய்ந்து வால்வும் குழியும் ஒன்றோடொன்று பழகும். பழகின வால்வு அந்தக் குழிக்கு மட்டும்தான். இடம் மாறினால் ஒழுகும், எஞ்சினுக்குள் மூச்சு தங்காது. அதனால் ஒவ்வொன்றின் தலையிலும் புள்ளி குத்தி வைக்கச் சொன்னார். ஒன்றுக்கு ஒரு புள்ளி, ரெண்டுக்கு ரெண்டு.

குத்த மனசு வரவில்லை. அவ்வளவு வழவழப்பான தலையில் ஆணியால் குத்துவதா. லேபிலிருந்து பழைய மர டெஸ்ட் டியூப் ஸ்டாண்டு கொண்டுவந்தேன். சரியாகப் பன்னிரண்டு ஓட்டை. ஓட்டைக்கு ஒரு நம்பர் சீட்டு. பார்க்க அழகாக இருக்கு.

செப்டம்பர் 7, ஞாயிறு

கோவிலுக்குப் போய் வந்து நாள் பூரா தேய்ப்பு. மூன்று வால்வு முடிந்தது.

முதலில் கரகரன்னு சத்தம். அப்புறம் சரசர. அப்புறம் சத்தமே தெரியாது, கை மட்டும் போய் வந்துகொண்டிருக்கும். மேலே விமானப்படை பயிற்சி விமானம் வட்டம் போடுது. அந்த நேரத்தில் நான் இங்கே இல்லை. எங்கேயோ ஈரமான, பச்சை வெளிச்சமான இடம். திரும்பி வந்தால் ஒரு மணி நேரம் போயிருக்கு, அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கு.

அண்ணன் போன் பண்ணினார். எங்கள் படப்பை நிலம் விற்றுக் கிரயம் முடிந்தாச்சு. 28ஆம் தேதி ஞாயிறு அங்கே லாரி நிற்கிற ஷெட்டைக் காலி பண்ணிச் சாவி கொடுக்கணும். அன்றைக்குப் பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரர் கேஸ் கட்டரோடு வருகிறார், லாரியை அறுக்க.

"அதுக்குள்ள அது தானா ஓடி வெளிய வந்தா உன்னுது, ஹெலன். இழுத்துட்டுப் போய் இன்னொரு இடத்துல துருப்பிடிக்க வைக்கிற கதைக்கு நான் வரல."

அப்புறம், கொஞ்சம் இறங்கின குரலில்: "நீ ஆரம்பிப்பே. எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். என் அரைகுறைகள்:
1. எம்.ஃபில். (மூன்று அத்தியாயம்)
2. வயலின் (ரெண்டு வருஷம்)
3. நீல ஸ்வெட்டர் (ஒரு கை இல்லை)
4. மொட்டை மாடித் தோட்டம் (தொட்டி மட்டும்)
5. நிச்சயம் வரை வந்த கல்யாணம். அது என் தப்பில்லை. பாதி என் தப்பு.

ஐம்பத்தோரு வயசு. ஒன்றாவது முடியணும். லாரி மேல் ஆசையைவிட இந்த ஆசைதான் பெரிசு, வெட்கத்தை விட்டுச் சொன்னால்.

செப்டம்பர் 11, வியாழன்

பன்னிரண்டும் முடிந்தது. ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய வளையம். ஸ்டாண்டில் நிற்க வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பல் தேய்க்க மறந்து தூங்கிவிட்டேன், காலையில் எழுதுகிறேன் இதை.

செப்டம்பர் 12, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை.

இன்று என் வீட்டில் ஏரியா ஜெபக் கூட்டம். எனக்குக் கல்லூரி. சாவியை எஸ்தர் அண்ணியிடம் கொடுத்திருந்தேன். அண்ணன் மனைவி. தன் வீட்டு உப்பு ஜாடிக்கும் பேர் எழுதி ஒட்டுகிற ஆள். முப்பது வருஷமாக நான் எங்கே எதை வைத்தாலும் அதை இன்னொரு இடத்தில் "ஒழுங்கா" வைப்பவர்.

அஞ்சு மணிக்கு வந்தேன். போர்ட்டிகோ கழுவிவிட்டிருக்கு. வரிசையாக நாற்காலி. சிலிண்டர் ஹெட் மேல் பூப்போட்ட பெட்ஷீட், அதன் மேல் பூ ஜாடி. டெஸ்ட் டியூப் ஸ்டாண்டு சோப்பு போட்டுத் தேய்த்து வெயிலில் காயுது. நம்பர் சீட்டு ஒன்றும் இல்லை.

"வால்வெல்லாம் எங்க அண்ணி?"

"முறுக்கு டப்பால. துரு பிடிக்காம எண்ணெய் போட்டுத் தொடச்சு வெச்சிருக்கேன். எல்லாம் கலந்து செருகி வெச்சிருந்தே. பெருசு ஆறு தனியா, சின்னது ஆறு தனியா அடுக்கிட்டேன்."

முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

கூட்டம் முடிகிற வரை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடி ஜெபிக்கும்போதும் டப்பாதான் தெரிந்தது. எல்லோரும் போனதும் கேட்டுவிட்டேன்: "என் பொருளைத் தொடாம இருக்கவே முடியாதா உங்களுக்கு? நான் என்ன செஞ்சாலும் அது உங்களுக்குக் குப்பைதானே?" இன்னும் சிலது. எழுத மாட்டேன்.

அண்ணி காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். குடித்த டம்ளரைக் கழுவாமல் அவர் போனது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 13, சனி

கா.பா.வுக்கு போன்.

"இன்னாமா, புள்ளி குத்தச் சொன்னேனா இல்லியா?"

முறுக்கு டப்பாவின் மூடியைத் திறந்து மூடினேன்.

"குத்தி இருந்தா டப்பாவ உடுங்க, கெணத்துல போட்டிருந்தாலும் எட்த்து மாட்டிகினு போயிருக்கலாம். இப்ப பேஜார்தான். மொதல்லேர்ந்து தேயுங்க. அட்த்த ஞாயித்துக்கெழம, இருபத்தொண்ணு, ஹெட்டு என் கைக்கு வர்ணும். அப்பதான் இருபத்தெட்டாந்தேதி ஓடும்."

நிஜம். அழகு பார்த்தது நான். பழி அண்ணிக்கு.

மத்தியானம் சிட்லபாக்கம், அண்ணன் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. அண்ணி துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் பேப்பருக்குப் பின்னால். "தப்பு என்னுது அண்ணி. அடையாளம் குத்தச் சொன்னாங்க, நான் செய்யல," என்றேன். அவர் ஒரு சட்டைக் கையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"ஒண்ணுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு மணி."

சுவர் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்து பேனாவால் கட்டம் போட்டார். "நீ ஆறு. நான் ஆறு."

அண்ணன் பேப்பரைத் தாழ்த்தி எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தார். கிண்டல் பண்ணாமல் அடுத்த பக்கம் புரட்டினார், அதுவே பெரிசு.

செப்டம்பர் 16, செவ்வாய்

ராத்திரி நல்ல மழை, காலையில் தெருவெல்லாம் சேறு. அண்ணி தினமும் சாயங்காலம் நாலு மணிக்கே வந்துவிடுகிறார். பழைய நைட்டி, தலையில் துண்டு. முதல் வேலையாகப் பன்னிரண்டு வால்விலும் டக் டக்கென்று புள்ளி குத்தினார். எனக்குத்தான் உடம்பு கூசியது. ஒன்று முதல் ஆறு அவருக்கு, ஏழு முதல் பன்னிரண்டு எனக்கு.

எதிரெதிரே உட்கார்ந்து ரெண்டு பேரும் உருட்டுகிறோம். அவருக்கு எண்ணிக்கை. இருபது சுற்று, தூக்கிப் பார், துடை, மறுபடி இருபது. எனக்கு எண்ணிக்கை நிற்காது.

"நீ அப்பப்ப எங்கயோ போயிடறியே, எங்க போறே?"

முப்பது வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. "ஏன் இப்படி முழிக்கிறே"ன்னுதான் கேட்பார்கள். தண்ணிக்கு அடியில் இருக்கிற மாதிரி ஒரு இடம், ஆனால் மூச்சு முட்டாது என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"எனக்குக் கனவே வராது ஹெலன். படுத்தா தூக்கம், எழுந்தா விடிஞ்சிருக்கும். உங்கண்ணன்கூடச் சொல்வார், நீ தூங்கறதே வேலை பாக்கற மாதிரி இருக்குன்னு."

சொல்லிவிட்டு அவரே இருபது எண்ணினார். எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது, என் மேல் கோபமாக.

செப்டம்பர் 19, வெள்ளி

கிரைண்டிங் பேஸ்ட் வாங்கணும். லேப் ஸ்டாக் ரிஜிஸ்டர். கேஸ் புக்கிங். ஸ்கூட்டருக்குக் காற்று.

அண்ணி நாலாவது வால்வில் கையை நிறுத்திவிட்டு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம். இலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. "அண்ணி?" என்றேன். "ம்? ஒண்ணுமில்ல. எத்தனை எண்ணினேன்னு தெரியல." முகம் சிவந்துவிட்டது. நான் பார்க்காத மாதிரி குனிந்துகொண்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மத்தியானம் கெரசின் டெஸ்ட். ஹெட்டைத் தலைகீழாகப் போட்டு, வால்வுகளை அதன் அதன் குழியில் உட்கார வைத்து, மேலே கெரசின் ஊற்றி, அடியில் கசியுதா என்று பார்க்கணும்.

அண்ணி தேய்த்த ஆறும் சொட்டு விடவில்லை. என்னுடையதில் ஏழு சரி, எட்டு சரி, பத்து, பதினொன்று, பன்னிரண்டு சரி. ஒன்பது ஒழுகியது. மெதுவாக, கண்ணில் நீர் கட்டுகிற மாதிரி.

எனக்குத் தெரியும். புதன்கிழமையே வளையத்தில் ஒரு இடம் விட்டுப்போயிருந்தது. பார்த்தேன். போதும் என்று விட்டேன். இந்தப் "போதும்" எனக்குப் புதுசு இல்லை.

கா.பா.வின் வண்டி அஞ்சு மணிக்கு ஹெட்டை எடுக்க வருது. அப்போது மணி மூன்று. போன் போட்டேன். "பாய், ஒரு வால்வு ஒழுகுது. மிச்ச அஞ்சு சிலிண்டர்ல ஓடிடுமா?"

"ஓடும்மா. நொண்டிகினு ஓடும். ஷெட்ட வுட்டு வெளிய வந்துடும். உங்க இஷ்டம்."

வெளியே வந்தால் போதுமே, அண்ணன் அதைத்தானே சொன்னார். அப்படித்தான் நினைத்தேன். அண்ணியிடம் சொல்லவும் செய்தேன்.

அண்ணி கெரசின் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "கழட்டு," என்றார்.

"ரெண்டு மணி நேரம்தான் இருக்கு அண்ணி."

"ஒண்ணுக்கு ரெண்டு மணிதானே. கழட்டு."

அவர் எண்ணினார், நான் உருட்டினேன். இந்தத் தடவை நான் எங்கேயும் போகவில்லை. கை எரிந்தது, முதுகு வலித்தது, எல்லாம் தெரிந்தது. வண்டி வாசலில் ஹாரன் அடிக்கும்போது ஒன்பதில் கெரசின் ஒழுகாமல் நின்றது.

செப்டம்பர் 24, புதன்

உள்ளங்கையில் கொப்புளம். பிப்பெட் பிடிக்க முடியவில்லை. எச்.ஓ.டி. கேட்டார், "என்னம்மா, கல் உடைச்சீங்களா?" ஆமாம் சார் என்றேன்.

செப்டம்பர் 27, சனி

கா.பா. நேற்றே எஞ்சினைப் படப்பை ஷெட்டுக்குக் கொண்டுபோய்ச் செயின் கட்டி லாரியில் இறக்கிவிட்டார். இன்று ஒயர், ரேடியேட்டர், புது பேட்டரி. நான் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், பாதி தப்பான சைஸ். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமே என்றேன். "பெட்ரோல் லைனு சுத்தம் பண்ணணும், நாளிக்கு காத்தால," என்று சொல்லிவிட்டுத் தொழப் போனார். நல்லதுதான். இன்னும் ஒரு நாள் ஓடாமலும் கெடாமலும் இருக்கட்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை, நானும் அண்ணியும். அண்ணனும் போகவில்லை, அதுதான் ஆச்சரியம்.

இரும்புக்காரர் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷர், கேஸ் சிலிண்டரை நிழலில் சாய்த்து வைத்துவிட்டு ஓரமாக நின்றார்.

முதல் தடவை: சுற்றியது, பிடிக்கவில்லை. ரெண்டாவது: ஒரு இருமல். மூன்றாவது: ஒன்றுமில்லை. அண்ணன் வாட்சைப் பார்த்தார், உடனே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கா.பா. பானெட்டுக்குள் தலையை விட்டு எதையோ கால் சுற்று திருப்பினார். "இப்ப அடிங்கமா."

பிடித்தது. புகை, தூசி, ஒரு அணில் ஓடியது. அப்புறம் ஒரே சீரான சத்தம், விட்டுப்போகாமல். கா.பா. கண்ணை மூடிக் கேட்டார். "ஆறும் பேசுது," என்றார். அண்ணி என் தோளைப் பிடித்திருந்தது வலித்தபோதுதான் தெரிந்தது.

பத்து மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஷெட்டை விட்டு வெளியே ஓட்டினேன், சின்ன வயசில் ஓட்டக் கற்றதும் இதே லாரியில்தான். அண்ணன் கதவுப் பக்கம் வந்தார். இன்ஷூரன்ஸ் பேப்பர் கவரைக் கொடுத்தார். ஓடாத வருஷங்களுக்கும் கட்டியிருக்கிறார். "பாத்து ஓட்டு," என்றார்.

அண்ணி பக்கத்து சீட்டில். முடிச்சூர் ரோட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கான்ஸ்டபிள்கூட. மூன்றாம் கியரில் அந்தச் சத்தம் சீட் வழியாக முதுகில் ஏறுது. மழைமேகம், காற்று, அண்ணியின் முந்தானை ஜன்னலுக்கு வெளியே.

தாம்பரம் நெருங்கும்போது அண்ணி கேட்டார்: "ஆமா, இதை எங்க நிறுத்தப் போறே?"

என் போர்ட்டிகோவில் ஸ்கூட்டரும் மேஜையும்தான் நிற்கும். தெருவில் கார் நின்றாலே சண்டை. அண்ணன் இருப்பது அபார்ட்மென்ட். இவ்வளவு நாளில் இதை யாருமே கேட்கவில்லை. அண்ணன் கேட்கவில்லை, கா.பா. கேட்கவில்லை, காலண்டரில் கட்டம் போட்ட அண்ணி கேட்கவில்லை. ஓடும் என்று யாரும் நம்பவில்லை, அதனால் கேட்கவில்லை. நானும் நம்பியிருக்கவில்லை. அது அப்போதுதான், சிக்னலில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது தெரிந்தது. அழுதுவிட்டேன். பின்னால் பஸ்காரன் ஹாரன்.

"பச்சை விழுந்தாச்சு," என்றார் அண்ணி. "போ. நிறுத்தினாத்தானே பிரச்சினை."

வண்டலூர் தாண்டி, கூடுவாஞ்சேரி தாண்டி, இப்போது ஒரு டீக்கடை. எஞ்சினை அணைக்கவில்லை. பேனாவும் நோட்டும் அண்ணி பையில் இருந்தது. அவர் டீ வாங்கப் போயிருக்கிறார்.