இடம் சொல்லும் வட்டம்

காரைக்குடி
6.8.1972

அன்புள்ள பொன்னழகுக்கு,

உன் அம்மாவின் கால் எலும்பு கூடிவருகிறதா? முதலில் அதை எழுது. மற்றதெல்லாம் பிறகு.

நீ மலைக்குப் போன பிறகும் விடுதியில் இருக்கும் உங்கள் சனத்துப் பிள்ளைகள் ஐந்து பேரும் ஒரு ஞாயிறுகூட இடம் சொல்லும் வட்டத்தை விடவில்லை. சமையல்கட்டுக்குப் பின்னால், அதே வேப்பமரத்தடிதான். இன்று சிட்டு பேசினாள்! ஜூன் முழுதும் வாய் திறக்காமல், சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போன பிள்ளை. டாக்டர் கொடுத்த டானிக் இன்னும் பாதி பாட்டில் இருக்கிறது. அவளுடைய முறை வந்ததும், தான் பிறந்த பாறை, குளித்த ஓடை, அவள் அப்பா தேன் எடுத்த மரம் என்று ஒவ்வோர் இடமாகச் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் தயங்கியபோது மற்றவர்கள் எடுத்துக்கொடுத்தார்கள். முடித்ததும், "அக்கா, பசிக்குது" என்றாள். மூன்று தோசை!

நான் வழக்கம்போல எங்கள் குலத்தின் இளையாத்தங்குடிக் கோயிலில் தொடங்கினேன். "ஒனக்கு ஓடையே இல்லையாக்கா?" என்று சிட்டு பரிதாபப்பட்டாள். ஊருணியைச் சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள்.

எங்கள் ஆத்தாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "பத்தாவது படிக்கிற புள்ளைக்கு வேப்பமரத்தடியில என்னடி சோலி?" என்கிறாள். சொன்னால் புரியாது.

உன் அன்புத் தோழி
தேனம்மை


ஆலம்பாறை
19.8.1972

தேனம்மைக்கு,

சந்தைக்கு இறங்கியபோது டீக்கடையில் உன் கடிதம் காத்திருந்தது. "காரைக்குடியில இருந்து யாரும்மா இம்புட்டுப் பெரிய கடுதாசி எழுதுறாக?" என்றார் கடைக்காரர். என் கூட்டாளி என்றேன்.

மூன்று தோசைக் கதையை அம்மாவுக்கு நான்கு தடவை சொல்லிவிட்டேன். கால் இன்னும் ஊன்ற முடியவில்லை, ஆனால் சிரித்தாள்.

ஒன்றை மறுபடி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வட்டத்தில் உட்காராதவர் காதில் அந்த இடங்கள் விழக்கூடாது. விழுந்தால், மனம் அமுங்கிய பிள்ளைக்கு அவற்றைத் திரும்பச் சொல்ல நாக்கு எழாது. எங்கள் சனத்தில் வெளியாள் யாரையும் உட்காரவைத்ததில்லை. உன்னை உட்காரவைத்ததற்கு என் பெரியம்மா ஆயி இன்னும் திட்டுகிறாள். "அவ நம்ம புள்ள மாதிரி" என்று சொல்லியிருக்கிறேன்.

நான் வரும்வரை சிட்டு உன் பொறுப்பு.

உன் கூட்டாளி
பொன்னழகு


காரைக்குடி
3.9.1972

அன்புள்ள பொன்னழகுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. பெரிய செய்தி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்கு வந்ததும், வட்டத்தில் கேட்டதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்யாணச் சீரில் வந்த வெள்ளித் தூக்கிலிருந்து மரக்கரண்டி வரைக்கும் பட்டியல் உண்டு. எழுதாதது தொலைந்துவிடும் என்றே வளர்ந்தவள் நான். யாரிடமும் காட்டவில்லை, போன புதன்கிழமை வரை.

அன்று சென்னையிலிருந்து ஓர் அதிகாரி அம்மா விடுதியைப் பார்க்க வந்தார். "மத்த ஊர் ஹாஸ்டல்ல எல்லாம் மலைப் பிள்ளைங்க அழுதுட்டே கிடக்கிறாங்க, ஓடிப்போறாங்க. இங்க மட்டும் எப்படிச் சிரிக்கிறாங்க?" என்று கேட்டார். தலைமையாசிரியைக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும்! நோட்டைக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பொன்னழகு. எல்லா விடுதியிலும் இப்படி ஒரு வட்டம் வைக்கலாம் என்கிறார். எத்தனை சிட்டுகள் பிழைப்பார்கள், யோசித்துப் பார்!

வருகிற பதினைந்தாம் தேதி பள்ளி விழாவில் ஐந்து பேரும் பத்து நிமிடம் வட்டமாக உட்கார்ந்து காட்ட வேண்டும். வெளியாட்கள் கேட்கக் கூடாதே என்றேன். "அந்த நேரத்துக்குப் பத்துப் பதினஞ்சு பெண்கள் மட்டுந்தாம்மா இருப்போம்" என்றார். உன்னைக் கேட்காமல் சரி என்றது உறுத்துகிறது. ஆனால் உன் பதில் வரப் பத்து நாளுக்கு மேல் ஆகுமே. நீயும் சரி என்றுதான் சொல்லியிருப்பாய்.

உன்
தேனம்மை


ஆலம்பாறை
16.9.1972

தேனம்மை,

அம்மாவை விட்டுவிட்டு இன்றுதான் சந்தைக்கு இறங்க முடிந்தது. இன்றுதான் உன் கடிதத்தைப் பார்த்தேன். பதினைந்தாம் தேதி நேற்றே போய்விட்டது.

நடந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். தள்ளிப்போயிருந்தால் நிறுத்து, காலில் விழுந்தாவது நிறுத்து. மாமா குழந்தைவேலுவை அனுப்புகிறேன். அவர் வரும்வரை சிட்டுவின் பக்கத்தில் இரு.

பொன்னழகு


காரைக்குடி
24.9.1972

பொன்னழகுக்கு,

நடந்துவிட்டது.

பத்துப் பதினைந்து பெண்கள் இல்லை. நானூறு பேர், பந்தல் நிறைய. தையல் டீச்சர் ஐந்து பேருக்கும் இலையில் மாலை கட்டிப் போட்டிருந்தார். சிட்டுவின் முறை வந்தது. அவள் வாய் திறக்கவில்லை. தயங்கினால் எடுத்துக்கொடுப்பதுதானே வட்டத்தின் வழக்கம்? மேடையோரம் நின்றிருந்த நான் மைக்கில் எடுத்துக்கொடுத்தேன். நோட்டைப் பார்த்து, பாறை, ஓடை, தேன்மரம், எல்லாம். "பாறையிலயா பொறந்துச்சு!" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. பிறகு கைதட்டியது. சிட்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதோடு பேச்சு நின்றது, சாப்பாடும் நின்றது. மறு ஞாயிறு நான் போய் உட்கார்ந்ததும் மற்ற நால்வரும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். வியாழக்கிழமை உன் மாமா வந்து ஐவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். என்னிடம், "வாரேன் தாயி" என்று மட்டும் சொன்னார்.

அந்த அதிகாரி பொய் சொல்லிவிட்டார், பொன்னழகு. நானும் ஏமாந்தேன். ஆனால் மைக்கில் படித்தது நான்தான்.

நான் அங்கே வந்து மன்னிப்புக் கேட்கலாமா? சிட்டு பேசினாளா? அதையாவது எழுது.

தேனம்மை


ஆலம்பாறை
21.10.1972

தேனம்மைக்கு,

விழாவைப் பற்றி எழுதிய கடிதமும், அதற்குப் பிறகு நீ எழுதிய இரண்டும் வந்தன.

அந்த அதிகாரி ஏமாற்றியதாக எழுதியிருக்கிறாய். இருக்கலாம். அவரை நான் வட்டத்தில் உட்காரவைக்கவில்லை.

"நம்ம புள்ள மாதிரின்னியே, இப்ப எங்கடி ஒன் காரைக்குடிப் புள்ள?" என்று ஆயி பெரியம்மா கேட்கிறாள். இனி எங்கள் பிள்ளைகளைக் கீழே அனுப்புவதில்லை என்று கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். நானும் வரவில்லை. பரீட்சைக்கு நீ எழுதித் தந்த சரித்திரக் குறிப்புகளை இத்துடன் வைத்திருக்கிறேன். வேறு யாருக்காவது உதவும்.

நீ கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு இந்நேரம் ஆறியிருக்கும்.

இங்கே வர வேண்டாம்.

சிட்டு பேசினாளா என்று மூன்று கடிதத்திலும் கேட்டிருக்கிறாய். அதை நான் உனக்குச் சொல்லப்போவதில்லை.

பொன்னழகு