நான் மாட்டாமல் விட்ட வயர்

அன்புள்ள அத்தான்,

முகம் பார்த்துச் சொல்ல நாலு வருடம் இருந்தது. சொல்லவில்லை. நீங்கள் கண்மூடி இருபத்தாறு நாளான பிறகு எழுதுகிறேன். வெட்கங்கெட்டவன்தான், தெரியும்.

படுக்கை, அடுப்போடு பயணம் போக வாங்கிய எங்கள் கேம்பர் வான் நினைவிருக்கும். பின்னால் சின்னக் காரையும் இழுத்துப்போக வேண்டுமென்று நான் நின்ற பிடிவாதமும். அனுமதிக்கு ஓடித்திரிந்தது முதல் காரின் பிரேக் மிதியை அமர்த்தும் பெட்டியைப் பூட்டியது வரை நீங்கள்தான். வானிலிருந்து காருக்கு ஒரு வயர். நான் முன்னால் பிரேக் பிடித்தால் பின்னால் காரின் மிதியும் தானாக அமரும். நான் மிதிக்க, நீங்கள் காருக்குள் குனிந்து பார்த்து, "ஓம், அமருது" என்றீர்கள். பீலில் உங்கள் வீட்டுக்குத் திரும்பும்போதும் சொன்னீர்கள்: "தம்பி, வயரைக் கழட்டினால் திரும்ப ரெண்டு பேரா நிண்டு பார். பாக்காமல் வெளிக்கிடாதை."

மறுநாள் சோலோதுர்னில் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட நின்றோம். வானின் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்த என் மனைவி, "காருக்கும் நாலு வைக்க வேணும்" என்றாள். சில்லு ஏறித் தேசிக்காய் நசுங்கினால்தானே பயணம் நல்லது. வயரையும் காரையும் கழற்றி, காரை உருட்டினேன். ராகுகாலம் தொடங்கப் பத்து நிமிடம். அவசரமாகத் திரும்பக் கொழுவினேன். வயரை மறந்தேன்.

மலை இறக்கத்தில் கார் வானைத் தள்ளிய தள்ளு! பிரேக் கருகி மணத்தது. வளைவில் தடுப்புக் கம்பியில் உரசித்தான் நின்றோம். பிள்ளைகள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. கேட்டவர்களுக்கெல்லாம் நான் என்ன சொன்னேன்? "அத்தான் பூட்டினது பிழைச்சுப் போச்சு."

நீங்கள் பார்க்க வந்தீர்கள். தொங்கிய வயரைக் கையில் எடுத்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். நான் போனைப் பார்த்தேன். ஒரு சொல் கேட்டிருக்கலாமே அத்தான்? அக்காவின் தம்பி என்றா விட்டீர்கள்? அதன்பிறகு எங்கள் சனம் ஒருவரும் உங்களிடம் கார் திருத்தக் கொண்டுவரவில்லை. அதைக் கண்டும் நான் வாய் திறக்கவில்லை.

நேற்று அக்கா போனில் அழுதழுது சொன்னாள்: "அவர் கைவைச்சு ஒண்டும் பிழைச்சதில்லையடா. உன்ரை அந்தப் பிரேக் மட்டும்தான். அதுக்கு நீ அவரை மன்னிச்சுவிடு, என்ன?"

"ஓம் அக்கா" என்றேன். அப்படியே சொன்னேன் அத்தான், மன்னிப்பவன் போல.

ஞாயிறு உங்கள் முப்பத்தோராம் நாள். சோறு பரிமாறமுன் மண்டபத்தில் எழும்பி எல்லோருக்கும் சொல்வேன். அதற்கு முன் அக்காவுக்கு. நாளைக் காலை பீலுக்குப் போகிறேன். அவள் கதவைச் சாத்தினாலும் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்.

நீங்கள் காட்டிக்கொடுக்காத
மச்சான்