ஏகாதசி மாதிரி என்று நான் சொன்னது

18.7.1996, வியாழன்

நடந்ததில் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். தவறு என்னுடையது.

அம்மாவுக்குச் சிறுகுடலில் அபூர்வமான கட்டி. வாய்வழியாகக் குழாய் விட்டு இன்று அதை எடுப்பதாக இருந்தது. வெறும் வயிற்றோடு வரச் சொன்ன சீட்டைப் படித்துவிட்டு, "ஏகாதசி விரதம் மாதிரிதாம்மா" என்றேன். ஏகாதசிக்குப் பாலும் பழமும் உண்டே என்று அம்மா காலையில் பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அம்மா ஏகாதசிக் கணக்கைச் சொன்னதும், "எனக்குப் பிரசாதம் இல்லையாம்மா?" என்றார் டாக்டர். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னிக்கு முடியாது. அடுத்த வியாழன் வாங்க."

"நான்தான் சீட்டைச் சரியாப் பாக்கலை டாக்டர்" என்றாள் அம்மா. நான் வாயே திறக்கவில்லை.

கட்டி பெரிதானால் குழாய் போதாதாம், வயிற்றைக் கிழிக்க வேண்டுமாம். ஒரு வாரத்தில் அது எவ்வளவு வளரும்? உயிரியல் புத்தகத்தில் தேடினேன். சிறுகுடலின் நீளம் மட்டும்தான் போட்டிருக்கிறது.

அப்பா விளக்கை அணைக்க வந்துவிட்டார்.