பாய் போனில் திரும்பிச் சுற்றிய ஃபேன்

வியாழன், இரவு.

சாத்தாங்காடு இரும்புக் கடை பாய் காலையில் ஒரு வீடியோ அனுப்பினார். நேற்று நான் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் அதில் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

“இன்னாபா, ஒயர மாத்திக் குட்துட்டியா? வெல்டிங் புகை பூரா உள்ளயே நிக்கப்போவுது.”

போன மாதம் வேறோர் இடத்தில் உண்மையிலேயே மாற்றிக் கொடுத்தவன் நான். ஓடினேன். ஏணியில் ஏறி, ஃபேனை நிறுத்தச் சொல்ல வாய் திறந்தபோது, வியாழன்தோறும் வரும் சாம்பிராணிக்காரர் தட்டோடு உள்ளே வந்தார். புகை நேராக ஃபேனுக்குள் நுழைந்து வெளியே போனது.

பாய் மறுபடி வீடியோ எடுத்தார். அதிலும் ஃபேன் எதிர்ப்பக்கம்தான் சுற்றியது; புகை மட்டும் ஒழுங்காக வெளியேறியது.

“நீ சரியாத்தான் மாட்டிக்கீற. போனுதான் டபாய்க்குது!”

வேகமாகச் சுற்றும் இறக்கை கேமராவில் சில நேரம் எதிர்ப்பக்கம் சுற்றுவதுபோல் தெரியுமாம். இப்போது தலைக்கு மேல் வீட்டு ஃபேன் ஓடுகிறது. சத்தியமாக அதைப் போனில் பார்க்க மாட்டேன்.