பாஞ்சோவுக்குத் தூண்டில் நரம்பு

புதன், இரவு.

கப்பலில் வடம் இழுத்து என் வீட்டுக்காரரின் கை கிழிந்து ஐந்து மாதமாகிறது. காயம் ஆறிவிட்டது. ஆனால் பாஞ்சோக் கம்பியை அழுத்தினால் விரல்நுனி சுருக்கென்கிறதாம். பழைய கம்பிகளும் உப்புக்காற்றில் துருப்பிடித்துவிட்டன. அவர் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், புதுசு வாங்க நானே போனேன்.

இசைக்கருவிக் கடையில் எஃகுக் கம்பியைத் தொட்டதும் எனக்கே விரல் கூசியது. நேரே துறைமுகத்துப் பக்கம் வலைக்கடைக்குப் போய் நைலான் நரம்பு கேட்டேன்.

“என்ன மீனுக்கும்மா?” என்றார் கடைக்கார அண்ணாச்சி.

“பாஞ்சோவுக்கு.”

அவர் சிரிக்கவில்லை. சீலாவுக்குத் தடிமனானது, விளைமீனுக்கு மெலிசு, முரலுக்கு அதைவிட மெலிசு என்று ஒவ்வொன்றையும் ஆணியில் கட்டி இழுத்துச் சுண்டிக் காட்டினார். கண்ணை மூடிக் கேட்டு ஐந்து நரம்பு எடுத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் அவற்றை மாட்டி வாசித்தார். தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது. அடுப்பில் சோறு இருப்பதை மறந்து நான் எங்கோ மிதந்துகொண்டிருந்தேன். இனி இவருக்குக் கப்பல் நினைப்பே வராது, இங்கேயே இருந்துவிடுவார் என்றுகூட...

வாசித்து முடித்து விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“ஏளா, கொஞ்சங்கூட வலிக்கல. கை சரியாயிட்டு. நாளைக்கே ஏஜெண்டைப் போய்ப் பாக்கேன். அடுத்த கப்பல்ல ஏறிருவேன்.”

இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார்.

ஏஜெண்ட் ஆபீஸ் பத்து மணிக்குத்தான். எஃகுக் கம்பி விற்கிற கடையை ஒன்பதுக்கே திறந்துவிடுவார்கள்.