மேசையை நடுவில் போடுங்கள், அப்பா

ஜூலை 3

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். உங்களைத் திட்டும்போது அம்மாவின் குரல் கணீரென்று இருப்பதால் கவலைப்பட வேண்டாம்.

புதிய போலீஸ்காரர்களுக்கு நீங்கள் எடுக்கப்போகும் வகுப்புக் குறிப்பை என் நல்ல கையெழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன். "சந்தேகப்படும் ஆளை அடிக்காதே. மேசையை நடுவில் போடாமல் பக்கத்தில் உட்கார். டீ வாங்கிக் கொடு. உன் சின்னத் தப்பு ஒன்றைச் சொல். பிறகு அவன் பேசும்வரை காத்திரு." எழுதும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

என் பெஞ்சுத் தோழி சரியாகச் சாப்பிடுவதில்லை. நீங்கள் வேலை பார்க்கும் ஊரில் எரிந்துபோன செருப்புக் கிடங்கில்தான் அவள் அண்ணன் மூட்டை தூக்கினார். இப்போது போலீஸ் அவரைத் தேடுகிறதாம். "எங்க அண்ணன் அடுப்பு பத்த வைக்கவே பயப்படும்டி" என்று அழுகிறாள். விசாரிப்பது நீங்கள்தானா?

வழக்கம்போல் மூன்று வரி எழுதினாலும் போதும்.

அன்பு மகள்

ஜூலை 9

என் கண்ணுக்கு,

இங்கே மழை. மழை பெய்தால் மாடிப்படியில் நீ புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வருகிறது. இப்போது என்ன படிக்கிறாய்?

உன் வயதில் நான் பள்ளிக்கூட மணியைத் திருடிக் கிணற்றில் போட்டேன். உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உன் தோழியின் அண்ணனும் இப்போது எங்கேயோ அப்படித்தான் பட்டினி கிடப்பான், பாவம். வேறு அதிகாரி பிடிப்பதற்குள் நான் போய்ப் பார்த்தால் அவனுக்கு நல்லது.

நீ எதுவும் சொல்ல வேண்டியதில்லை. உனக்கே தோன்றும்போது எழுது. காத்திருக்கிறேன்.

உன் அப்பா

ஜூலை 13

அப்பாவுக்கு,

இவ்வளவு நீளமான கடிதத்தைப் பார்த்ததும் அம்மா பயந்துவிட்டாள். "உங்கப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள். நான் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன். காலையில் மறுபடி படித்தபோது, என் கையெழுத்தில் எழுதி அனுப்பிய அந்த வகுப்புக் குறிப்பே என்னைப் பார்த்துச் சிரித்தது.

'கண்ணு' என்று நீங்கள் கடைசியாக அழைத்தது எனக்கு அம்மை போட்டிருந்தபோது. இப்போது அழைத்தது, பக்கத்தில் உட்காருவதற்கு. மணியும் கிணறும் சின்னத் தப்பு. அப்புறம் காத்திருப்பு. டீ மட்டும்தான் குறை. தபாலில் அனுப்பினால் ஆறிவிடும்.

உங்கள் அறைக்கு வருகிறவனுக்கு நீங்கள் போலீஸ் என்று தெரியும். நான் அப்பா என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்?

அண்ணன் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

தோழியோடு போய் அவரைப் பார்த்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"நீங்க கொளுத்தினீங்களா?"

"இல்ல."

"அப்ப ஏன் ஓடினீங்க?"

"முந்தின நாள்தான் மேனேஜர் சட்டையைப் பிடிச்சேன். கிடங்கு எரிஞ்சா என்னைத்தானே சொல்லுவாங்க?"

"அதையே வந்து சொல்லுங்க."

"உங்கப்பாகிட்டயா? அவரு இனிக்க இனிக்கப் பேசி வாயைப் பிடுங்கிடுவாராமே. செய்யாததையும் செஞ்சேன்னு சொல்லிட்டேன்னா?"

என் பையில் உங்கள் கடிதம் இருந்தது. அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் உங்கள் சார்பில் நானே வாக்குக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை அவரே வக்கீலோடு வருவார். மேசையை நடுவில் போடுங்கள். டீ வேண்டாம், கிணறு வேண்டாம். கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்கள். வாக்கு தவறினால் எனக்கு மூன்று வரிகூட எழுதாதீர்கள்.

அந்த மணிக் கதை நிஜமா? பதில் எழுத வேண்டாம். எழுதினாலும் நம்புவேனா என்று தெரியவில்லை.

மகள்

ஜூலை 19

மகளுக்கு,

வந்தான். மேசையை நடுவில் போட்டு நேராகக் கேட்டேன். நேராகச் சொன்னான். தீப்பிடித்தபோது அவன் வேறிடத்தில் இருந்ததற்குச் சாட்சி இருக்கிறது, அனுப்பிவிட்டேன்.

வாசல்வரை போனவன் திரும்பி, "சார், இப்ப வேணும்னா ஒரு டீ குடிக்கலாம்" என்றான். குடித்தோம். என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

மணிக் கதை பொய்.

அப்பா